நாம எதுக்கு பொறந்தோம்? மையவாடி வாசல்ல பசங்க கேட்ட கேள்விகளும் எனக்கு தெரிஞ்ச பதில்களும்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க மஹல்லால யாராவது மவ்த்தாயிட்டா (இறந்துட்டா) மையத்தை (உடலை) குளிப்பாட்டுற நாலஞ்சு பேர்ல நானும் ஒருத்தன், பத்து பன்னெண்டு வருஷமா கூட நிக்கிறேன், மத்தபடி பொழப்பு ஜவுளிக்கடைல. மையவாடில (அடக்கம் பண்ற இடத்துல) மூணு கைப்பிடி மண்ணு போட்டு துஆ முடிச்சு கையை தட்டிக்கிட்டு வெளில வர்ற அந்த அஞ்சு நிமிஷம் இருக்கே, அப்போதான் சின்ன பசங்க மெதுவா பக்கத்துல வந்து "மாமா, நாமெல்லாம் எதுக்குதான் பொறந்தோம்?"னு கேப்பாங்க. பைக் ஸ்டார்ட் பண்ணிட்டா அந்த கேள்வி மறந்துடும். அதனால அப்படி கேட்டதையெல்லாம் இங்க எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. நான் ஆலிம் (மார்க்கம் படிச்சவர்) கிடையாது, மசாயில் (மார்க்கச் சட்டம்) சந்தேகம்னா ஹஜ்ரத்துகிட்ட போங்க, இது நான் படிச்சு கேட்டு யோசிச்சு வெச்சிருக்கறது அவ்ளோதான்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, இஸ்லாம் படி மனுஷன் எதுக்கு படைக்கப்பட்டான்?

குர்ஆன்ல நேராவே இருக்கு. "ஜின்களையும் மனிதர்களையும் என்னை வணங்குறதுக்காகவே தவிர நான் படைக்கல"னு அல்லாஹ் சொல்றான் (51:56). இன்னொரு இடத்துல, உங்கள்ல யார் செயல்ல அழகானவங்கன்னு சோதிக்கத்தான் மரணத்தையும் வாழ்க்கையையும் படைச்சேன்னு சொல்றான், அது சூரா (அத்தியாயம்) முல்க்ல ரெண்டாவது ஆயத்து (வசனம்) (67:2). அங்க ஒண்ணு கவனிங்க, முதல்ல மரணத்தை சொல்லிட்டு அப்புறம்தான் வாழ்க்கையை சொல்றான். அப்புறம் யார் நிறைய செஞ்சாங்கன்னு கேக்கல, யார் அழகா செஞ்சாங்கன்னு கேக்குறான்.

மூணாவதா பூமில ஒரு பொறுப்பாளியை, கலீஃபாவை, உண்டாக்கப் போறேன்னு மலக்குங்ககிட்ட (வானவர்கள்கிட்ட) சொன்ன அந்த ஆயத்து (2:30). அப்போ மலக்குங்களே கேட்டாங்க, ரத்தம் சிந்துற, குழப்பம் பண்ற ஒருத்தனையா நீ படைக்கப் போறேன்னு. உங்களுக்கு தெரியாததை நான் அறிவேன்னு பதில் வந்துச்சு. மலக்குங்களுக்கே வந்த கேள்விதான் இது, அதனால நமக்கு வந்தா ஈமான் (இறைநம்பிக்கை) போயிடுச்சோன்னு பயப்பட வேணாம் தம்பி.

வணங்குறதுன்னா அஞ்சு வேளை தொழுறதா? அது ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு மணி நேரம் கூட வராதே, மீதி 23 மணி நேரம் எதுக்கு?

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி, ஏன்னா இதுல மாட்டிக்கிட்டு நான் பல வருஷம் வீணாக்கியிருக்கேன். பள்ளிக்குள்ள போனா மார்க்கம், செருப்பை மாட்டிக்கிட்டு வெளில வந்தா துன்யா (உலக வாழ்க்கை)னு ரெண்டா பிரிச்சு வெச்சிருந்தேன்.

இபாதத்துங்கற வார்த்தைக்கு அடிமையா இருக்கறதுன்னு அர்த்தம். அடிமைக்கு ஷிஃப்ட் கிடையாது. தூங்கறது, சாப்பிடறது, கல்லால உக்காந்து துணி அளக்கறது எல்லாமே அதுக்குள்ள வந்துடும், யாருக்காக செய்யறோம்ங்கறதுதான் விஷயம். புகாரிங்கற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல முதல் ஹதீஸே உமர் (ரலி) அறிவிக்கிற "அமல்களெல்லாம் (செயல்களெல்லாம்) நிய்யத்தை (எண்ணத்தை) பொறுத்தே"ங்கறதுதான். சஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) உடம்புக்கு முடியாம படுத்திருந்தப்போ நபி (ஸல்) அவங்ககிட்ட சொன்னாங்க, அல்லாஹ்வோட பொருத்தத்தை நாடி நீங்க செலவு பண்றதுக்கெல்லாம் கூலி உண்டு, உங்க மனைவி வாயில ஊட்டுற ஒரு கவளத்துக்கு கூடன்னு. சோறு ஊட்டுறதுக்கு நன்மை! பாதைல கிடக்குற முள்ளை எடுத்துப் போடறது ஈமானோட ஒரு கிளைன்னு வேற சொல்லியிருக்காங்க.

எங்க கடைல எனக்கு நடந்ததை சொல்றேன். மீட்டர் ஸ்கேல்ல துணியை இழுத்துப் பிடிச்சு அளந்தா மீட்டருக்கு ரெண்டு விரக்கடை மிச்சம் பிடிக்கலாம், வாங்கறவங்களுக்கு தெரியவே தெரியாது, வீட்ல போய் தைக்கக் குடுத்தா டெய்லர் பத்தலன்னு சொல்லுவாரு அவ்ளோதான். அளவுல மோசடி பண்றவங்களுக்கு கேடுன்னு சொல்ற சூரா முதஃப்பிஃபீனை (83) நான் மனப்பாடமா ஓதிக்கிட்டே வருஷக்கணக்குல துணியை இழுத்திருக்கேன், அல்லாஹ் மன்னிக்கணும். ஒருநாள் அர்த்தத்தோட படிச்சப்போ கை நின்னு போச்சு. அன்னைலேர்ந்து துணியை தளர்த்தி விட்டுதான் அளக்கறேன், அந்த ஸ்கேலும் எனக்கு இப்போ ஒரு முஸல்லா (தொழுகை விரிப்பு) மாதிரி.

அல்லாஹ்வுக்கு நம்ம வணக்கம் எதுக்கு? அவனுக்கு தேவையா?

தேவையில்ல. அதே 51வது சூரால அடுத்த ஆயத்துலயே இருக்கு, அவங்ககிட்டேர்ந்து நான் எந்த ரிஸ்க்கையும் (வாழ்வாதாரத்தையும்) கேக்கல, அவங்க எனக்கு உணவு தரணும்னும் கேக்கலன்னு. நாம தொழுதா அவனோட ஆட்சி ஒரு அணு கூட கூடாது, தொழாட்டி குறையாது. தேவை நம்ம பக்கம்தான். மனுஷன் எதையாவது ஒண்ணை தலைக்கு மேல வெச்சு அதுக்காக ஓடாம இருக்கவே மாட்டான், காசு, பதவி, நாலு பேர் என்ன சொல்லுவாங்கங்கறது, இப்போ லைக்ஸ். இதுங்களுக்கு எவ்ளோ கொட்டினாலும் போதாது. சுஜூதுல நெத்தியை ஒரே ஒருத்தன் முன்னாடி வெச்சிட்டா மத்த எஜமானுங்க எல்லாரும் கழண்டுடுவாங்க, அந்த லேசு இருக்கே, அதை சொல்லி புரிய வைக்க முடியாது.

என்னைக் கேக்காமலேயே படைச்சிட்டு டெஸ்ட் வைக்கிறது எப்படி நியாயம்?

கோவமா கேக்குறவங்க கிட்ட நான் கோவப்படறதே இல்ல, இது நியாயமான கேள்வி. ஆதமோட மக்களையெல்லாம் சாட்சியா வெச்சு "நான் உங்க ரப்பு (இறைவன்) இல்லையா"னு அல்லாஹ் கேட்டான், எல்லாரும் ஆமான்னு சொன்னோம்னு குர்ஆன் சொல்லுது (7:172). அமானத்தை (ஒப்படைக்கற பொறுப்பை) வானம், பூமி, மலைங்ககிட்ட நீட்டினப்போ அதெல்லாம் பயந்து விலகிடுச்சு, மனுஷன் சுமந்துக்கிட்டான்னும் இருக்கு (33:72). எனக்கு ஞாபகம் இல்லையேன்னு சொல்லுவீங்க, சரிதான். உங்க உம்மா வயித்துல இருந்ததும் ஞாபகம் இல்ல, ஆனா அந்த தொப்புள் கொடியோட தழும்பு இருக்குல்ல. மனசு யாரும் சொல்லித் தராமலே மேல பாத்து "யா அல்லாஹ்"னு கூப்பிடறது அந்த மாதிரி ஒரு தழும்புன்னுதான் நான் புரிஞ்சு வெச்சிருக்கேன்.

அப்புறம் எல்லாருக்கும் ஒரே கொஸ்டின் பேப்பர் கிடையாது. எந்த ஆத்மாவையும் அதோட சக்திக்கு மேல அல்லாஹ் சிரமப்படுத்த மாட்டான் (2:286). பணக்காரனோட பேப்பர் ஈஸின்னு நினைச்சிடாதீங்க, காசை எப்படி சம்பாதிச்ச, எதுல செலவு பண்ணினன்னு மறுமைல ரெண்டு கேள்வி தனித்தனியா இருக்கு.

எல்லாமே கத்ருல (விதில) எழுதி முடிச்சாச்சுன்னா நான் முயற்சி பண்ணி என்ன ஆகப்போகுது?

இதே கேள்வியை சஹாபாக்கள் (நபித் தோழர்கள்) கேட்டாங்க, அதுவும் எங்க தெரியுமா, ஒரு ஜனாஸால (இறுதிச் சடங்குல). மதீனால பகீஉ மையவாடில ஒருத்தரை அடக்கம் பண்ண எல்லாரும் வந்திருக்காங்க, நபி (ஸல்) உக்காந்து கைல இருந்த குச்சியால தரையை கீறிக்கிட்டே, உங்கள்ல ஒவ்வொருத்தரோட இடமும் எழுதப்பட்டாச்சுன்னு சொன்னாங்க. அப்போ அதையே நம்பி அமலை விட்டுடலாமான்னு ஒருத்தர் கேட்டார். நீங்க அமல் பண்ணுங்க, யார் எதுக்காக படைக்கப்பட்டாங்களோ அது அவங்களுக்கு லேசாக்கப்படும்னு சொல்லி சூரா லைல்லேர்ந்து ஓதிக் காட்டினாங்க. அலி (ரலி) அறிவிக்கிற ஹதீஸ், புகாரில இருக்கு. மையவாடில நின்னு கேள்வி கேக்குறது நம்ம ஊர் பசங்க கண்டுபிடிச்ச பழக்கம் இல்லன்னு அதைப் படிச்சப்போ எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உமர் (ரலி) கலீஃபாவா இருந்தப்போ ஷாமுக்கு (சிரியா பக்கம்) போற வழில அங்க கொள்ளை நோய் பரவியிருக்குன்னு கேள்விப்பட்டு திரும்ப முடிவு பண்ணாங்க. அல்லாஹ்வோட விதியை விட்டு ஓடறீங்களான்னு அபூ உபைதா (ரலி) கேட்டாங்க. ஆமா, அல்லாஹ்வோட ஒரு விதிலேர்ந்து அவனோட இன்னொரு விதிக்குதான் ஓடறோம்னாங்க உமர் (ரலி). எழுதி வெச்சிருக்கறது நமக்கு தெரியாதுல்ல, தெரியாத ஒண்ணை காரணம் காட்டி எப்படி படுத்துக்கறது?

நல்லவங்களுக்கு ஏன் இவ்ளோ கஷ்டம்? சின்ன குழந்தைங்க ஏன் மவ்த்தாகணும்?

சின்ன மையத்தை குளிப்பாட்டுற அன்னைக்கு நான் யார்கிட்டயும் எதுவும் பேச மாட்டேன். அந்த நேரத்துல உம்மா அத்தா முன்னாடி போய் "எல்லாம் சோதனை, சப்ர் (பொறுமை) பண்ணுங்க"னு பயான் பண்றவங்களை பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும். வாக்கியம் சரி, நேரம் சரியில்ல.

நபி (ஸல்) அவங்களுக்கு ஏழு பிள்ளைங்க, அதுல ஆறு பேர் அவங்க உயிரோட இருக்கும்போதே மவ்த்தாயிட்டாங்க, ஃபாத்திமா (ரலி) மட்டும்தான் மிச்சம். கடைசியா போனது இப்ராஹீம், பால்குடி மறக்காத குழந்தை. அந்த குழந்தையை வெச்சுக்கிட்டு அழுதாங்க. நீங்களுமான்னு பக்கத்துல இருந்தவங்க கேட்டப்போ, கண்ணு கலங்குது, மனசு வேதனைப்படுது, ஆனா எங்க ரப்புக்கு பொருத்தமானதைத் தவிர எதையும் சொல்ல மாட்டோம், இப்ராஹீமே, உன்னோட பிரிவால நாங்க கவலைப்படறோம்னு சொன்னாங்க. அன்னைக்கு சூரிய கிரகணம் பிடிச்சுது. நபியோட மகன் இறந்ததாலதான் கிரகணம்னு ஜனங்க பேச ஆரம்பிச்சுட்டாங்க. அவ்ளோ துக்கத்துலயும், சூரியனும் சந்திரனும் யாரோட மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிக்காதுன்னு சொல்லி திருத்தினாங்க. அல்லாஹ்வுக்கு ரொம்ப பிரியமானவங்களுக்கே இப்படின்னா கஷ்டம்ங்கறது வெறுப்போட அடையாளம் இல்லன்னு தெரியுதுல்ல.

பயம், பசி, பொருள், உயிர், விளைச்சல்ல நஷ்டம் இதுங்களைக் கொண்டு நிச்சயமா சோதிப்பேன்னு அல்லாஹ் முன்கூட்டியே சொல்லிட்டான் (2:155). ஏன் இந்த குழந்தை, ஏன் இந்த வீடுங்கறதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இந்த உலகத்துல யார்கிட்டயும் இருக்காது. கணக்கு இங்கயே முடியறது இல்லங்கறது மட்டும் தெரியும். மறுமை இல்லன்னா இந்த கேள்விக்கு எந்த பக்கமும் பதிலே கிடையாது.

அப்போ துன்யாவை விட்டுட்டு பள்ளிலயே கிடக்கணுமா? சம்பாதிக்கறது தப்பா?

இல்லவே இல்ல. மூணு சஹாபாக்கள் வந்து, நான் ராத்திரி முழுக்க தொழப்போறேன், நான் தினமும் நோன்பு வைக்கப்போறேன், நான் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்னு சொன்னாங்க. நபி (ஸல்) என்ன சொன்னாங்க, உங்களையெல்லாம் விட அல்லாஹ்வுக்கு அதிகமா பயப்படறவன் நான், நான் நோன்பும் வைக்கிறேன் விடவும் செய்யறேன், தொழறேன் தூங்கறேன், கல்யாணமும் பண்றேன், என் சுன்னத்தை (வழிமுறையை) வெறுக்கறவன் என்னைச் சேர்ந்தவன் இல்லன்னாங்க. துன்யால உன்னோட பங்கை மறந்துடாதேன்னு குர்ஆனே சொல்லுது (28:77). கதீஜா (ரலி) வியாபாரம் பண்ணவங்க, அந்த காசுதான் இஸ்லாத்துக்கு ஆரம்பத்துல கை கொடுத்துச்சு.

நான் தொழறேன், நோன்பு வைக்கிறேன், ஆனா உள்ள ஒண்ணுமே ஃபீல் ஆகல, காலியா இருக்கு. ஏன்?

இமாம் கஸ்ஸாலி கதை தெரியுமா? 1058ல ஈரான்ல தூஸ்ல பிறந்தவங்க, பக்தாத் நிஜாமிய்யா மத்ரஸால தலைமை உஸ்தாத், அந்த காலத்துல அதுக்கு மேல ஒரு பதவி கிடையாது, முன்னூறு மாணவர்கள் முன்னாடி உக்காந்திருப்பாங்க. 1095ல ஒருநாள் பாடம் நடத்த வாயைத் திறக்கறாங்க, நாக்கு எழும்பல. சாப்பாடு கூட இறங்கல. வைத்தியருங்க பாத்துட்டு இது உடம்பு வியாதி இல்ல, மனசுலேர்ந்து வந்ததுன்னு கைய விரிச்சுட்டாங்க. அவங்களே உக்காந்து தன்னோட நிய்யத்தை தோண்டிப் பாத்தா, தான் பாடம் நடத்துறது அல்லாஹ்வுக்காக இல்ல, பேருக்கும் புகழுக்கும்தான்னு தெரிஞ்சுது. எல்லாத்தையும் விட்டுட்டு டமாஸ்கஸ் போய் பள்ளிவாசல் மினாராவுக்குள்ள ஏறி கதவை சாத்திக்கிட்டு திக்ர்ல (இறை தியானத்துல) இருந்தாங்க.

பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் 1106ல நைஷாபூர்ல திரும்பவும் பாடம் நடத்த வந்துட்டாங்க. இங்கதான் நான் நிறுத்தி நிறுத்தி யோசிப்பேன். அதே கிதாபு, அதே மாதிரி மாணவர்கள், ஆனா முன்னாடி பதவியைத் தேடித் தர்ற இல்மை (கல்வியை) சொல்லிக் கொடுத்தேன், இப்போ பதவியை விட வைக்கிற இல்மை சொல்லித் தர்றேன்னு அவங்களே எழுதியிருக்காங்க.

அதனால நீங்க காலியா உணர்றீங்கன்னா தொழுகையை விட்டுடாதீங்க, யாருக்காகங்கறதை மட்டும் கிளறிப் பாருங்க. வீட்ல திட்டுவாங்கன்னு தொழறோமா, பழக்கமான்னு. ஃபீல் எப்பவும் ஒரே மாதிரி இருக்காது, ஹன்ழலா (ரலி) தன்னோட மனசு வீட்டுக்கு போனா மாறிடுதுன்னு பயந்து நான் முனாஃபிக் (நயவஞ்சகன்) ஆயிட்டேன்னு அழுதப்போ, கொஞ்ச நேரம் இப்படி, கொஞ்ச நேரம் அப்படின்னுதான் நபி (ஸல்) ஆறுதல் சொன்னாங்க.

வாழவே பிடிக்கல மாமா.

இதை யாராவது சொன்னா நான் ஆயத்து சொல்றதுக்கு முன்னாடி கூட்டிட்டு போய் டீ வாங்கித் தந்து பக்கத்துல உக்காந்துப்பேன். உங்களை நீங்களே கொன்னுக்காதீங்க, அல்லாஹ் உங்க மேல ரொம்ப இரக்கமா இருக்கான்னு குர்ஆன்ல இருக்கு (4:29), தடையோட சேத்தே இரக்கத்தையும் சொல்றான். மனச்சோர்வு ஈமான் குறைவு இல்ல, அது ஒரு நோய். நோய்க்கு மருந்து பாருங்கன்னு நபி (ஸல்) சொல்லியிருக்காங்க, அதனால டாக்டரை பாக்கறதும் மாத்திரை போடறதும் சுன்னத்துக்கு உட்பட்டதுதான். இந்தியால 14416னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, இலவசம், தமிழ்லயும் பேசலாம். இன்னைக்கே பேசுங்க. வீட்ல ஒரு ஆள்கிட்டயாவது வாய் விட்டு சொல்லுங்க.

நிறைய பாவம் பண்ணிட்டேன், இனிமே நோக்கம் என்ன வேண்டியிருக்கு?

தங்களுக்கு தாங்களே வரம்பு மீறிக்கிட்ட என் அடியார்களே, அல்லாஹ்வோட ரஹ்மத்துல நம்பிக்கை இழந்துடாதீங்க (39:53). பாருங்க, வரம்பு மீறினவங்களையும் "என் அடியார்களே"னுதான் கூப்பிடறான். தாகத்துல நாக்கைத் தொங்கப் போட்ட நாய்க்கு தன்னோட காலுறைல தண்ணி மொண்டு கொடுத்த ஒரு விபச்சாரிக்கு மன்னிப்பு கிடைச்சுதுன்னு ஹதீஸ் இருக்கு. தவ்பா பண்ணுங்க, யாரோட ஹக்கையாவது (உரிமையையாவது) எடுத்திருந்தா திருப்பிக் குடுங்க, அது மட்டும் நேரா அவங்ககிட்ட தீர்க்க வேண்டியது. ஒருத்தன் தொழுகை, நோன்பு, ஜகாத்தெல்லாம் கொண்டு வருவான், ஆனா ஒருத்தனை திட்டியிருப்பான், ஒருத்தனை அடிச்சிருப்பான், ஒருத்தன் காசை தின்னிருப்பான், நன்மையெல்லாம் அவங்களுக்கு பிரிச்சு கொடுத்து கடைசில திவாலாயிடுவான்னு நபி (ஸல்) எச்சரிச்சிருக்காங்க.

முஸ்லிம் இல்லாத நல்லவங்க கதி?

தூதரை அனுப்பாம யாரையும் வேதனை செய்யறதில்லன்னு அல்லாஹ் சொல்றான் (17:15). யாருக்கு எந்த அளவு செய்தி போய் சேந்துச்சு, யார் மனசுல என்ன இருந்துச்சுன்னு அவனுக்குத்தான் தெரியும். தீர்ப்பு சொல்ற சீட் என்னோடது இல்ல, என் சீட் பரீட்சை எழுதறவன் சீட். பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் நல்லவனா இருந்தேனான்னு என்கிட்ட கேப்பாங்க, அதுக்கு பதில் ரெடி பண்ணணும்.

எங்க இருந்து ஆரம்பிக்கறது?

குர்ஆனோட முதல் சூரா ஃபாத்திஹாவோட அர்த்தத்துலேர்ந்து. ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத், 17 தடவை "உன்னையே வணங்குறோம், உன்கிட்டயே உதவி கேக்குறோம்"னு சொல்றோம், என்ன சொல்றோம்னு தெரிஞ்சு சொல்லுங்க. கூடவே தினமும் செய்யற ஒரே ஒரு வேலையை எடுத்துக்கங்க, பாத்திரம் கழுவறதோ பஸ் ஓட்டறதோ, அதை மட்டும் அல்லாஹ்வுக்காகன்னு நிய்யத் வெச்சு ஒரு வாரம் செய்யுங்க. மொத்தமா மாறணும்னு ஒரே நாள்ல எல்லாத்தையும் தூக்காதீங்க, குறைவா இருந்தாலும் தொடர்ந்து செய்யற அமல்தான் அல்லாஹ்வுக்கு ரொம்ப பிடிக்கும்.

மவ்த்தாயிட்டா எல்லாம் முடிஞ்சுதா? நாம செஞ்சதுக்கு அப்புறம் என்ன மிச்சம்?

மையத்து பின்னாடி மூணு போகும், குடும்பம், சொத்து, அமல். ரெண்டு திரும்பிடும், அமல் மட்டும் கூட இருந்துடும்னு ஹதீஸ். அதே மாதிரி மனுஷன் இறந்துட்டா அமல் நின்னு போகும், மூணைத் தவிர: நிலைச்சு நிக்கிற தர்மம், பலன் தர்ற கல்வி, துஆ செய்யற நல்ல பிள்ளை.

போன வருஷம் ஒருத்தரை குளிப்பாட்டினோம். பெரிய ஆளெல்லாம் இல்ல, மளிகைக்கடைல கணக்கு எழுதினவரு. முதல்ல வலது பக்கம், அப்புறம் இடது, இலந்தை இலை போட்ட தண்ணி, கடைசி தண்ணில கற்பூரம் கரைச்சு ஊத்திக்கிட்டு இருக்கோம், ஜன்னல் திண்டுல கிடந்த அவரோட பட்டன் போன்ல அலாரம் அடிக்குது. சாயந்திரம் நாலரை. யாருக்கும் எடுத்து நிறுத்த கை வரல, எல்லார் கையும் ஈரம். அவரோட மகன்தான் துண்டுல கையைத் துடைச்சுட்டு போய் எடுத்தான். ஸ்கிரீன்ல "தங்கச்சி"னு மட்டும் இருந்துச்சு. விசாரிச்சா, புருஷன் இறந்து தனியா இருக்கற தங்கச்சிக்கு, அதாவது அந்த பையனோட குப்பிக்கு (அத்தைக்கு), தினமும் நாலரைக்கு போன் பண்ணுவாராம், ரெண்டு நிமிஷம், மாத்திரை போட்டியா, சாப்பிட்டியான்னு. வீட்ல கூட யாருக்கும் தெரியாது. சொந்தத்தை சேத்துக்கிட்டு வாழறவங்களை அல்லாஹ் சேத்துக்குவான்னு எத்தனை பயான்ல கேட்டிருப்போம்.

அந்த பையன் அலாரத்தை அழிக்கல. மறுநாள் சியாரத்துக்கு (கப்ரைப் பாக்க) வந்தப்போ மையவாடி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தோம், மணி நாலரை ஆச்சு, அத்தாவோட போனை எடுத்து காதுல வெச்சுக்கிட்டு கொஞ்சம் தள்ளிப் போனான். "குப்பி, நான்தான், மாத்திரை போட்டியா"ங்கறது மட்டும் எனக்கு கேட்டுச்சு.